சத்திரக்காரனும் வேண்டும்



மிஷன் மருத்துவமனைக்குப் போய் வந்தவர்கள் இந்தக் காட்சியைக் கண்டிருக்கலாம். வெளிநோயாளர் பகுதியில் மருந்துச் சீட்டோடு காத்திருப்பவர்களின் நடுவே, இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு தம்பியோ தங்கையோ நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்திருப்பார். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் இல்லை. நர்ஸ் சீருடையும் இல்லை. ஒரு வயதான தாயாரிடம், "வீட்டிலே யார் சமைக்கிறாங்க பாட்டி? மாத்திரையை எப்போ போடுறீங்க?" என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பார். இவர் முதுகலை சமூகப்பணி, அதாவது எம்.எஸ்.டபிள்யூ., படிக்கும் மாணவர். கல்லூரி இவரைக் களப்பணிப் பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறது.

"டாக்டரும் மருந்தும் இருக்கும்போது இவர்கள் எதற்கு?" என்று சில விசுவாசிகள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வியே. செங்கல்பட்டிலும் மாமல்லபுரம் கடற்கரையிலும் நடந்த சில காரியங்களைக் கொண்டு அதற்குப் பதில் தேடுவோம். முடிவில், காணிக்கை கொடுக்கிற நமக்கு இதில் என்ன பங்கு என்பதையும் பார்ப்போம்.

1. மருந்துச் சீட்டு போதாது என்று கண்டவர்கள்

மருத்துவமனைச் சமூகப்பணி நேற்றுத் தோன்றியதல்ல. 1895ஆம் ஆண்டு லண்டனிலுள்ள ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் மேரி ஸ்டூவர்ட் என்ற அம்மையார் இப்பணிக்கு நியமிக்கப்பட்டார். 1905ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் ரிச்சர்ட் கேபட் தம் மருத்துவமனையில் இதே பணியைத் தொடங்கினார். "நன்றாக ஓய்வெடு, சத்தான உணவு சாப்பிடு" என்று ஏழை நோயாளிக்கு எழுதிக் கொடுத்து என்ன பயன்? ஓய்வெடுத்தால் கூலி இல்லை. கூலி இல்லாவிட்டால் உணவு இல்லை. நோயாளியின் வீட்டை அறியாமல் செய்யும் வைத்தியம் பாதி வைத்தியமே என்று அவர் கண்டார்.

நம் நாட்டில் இதற்கு விதை போட்டவர்களில் ஒருவர் கிளிஃபர்ட் மேன்ஷார்ட் என்ற அமெரிக்க மிஷனரி. பம்பாயின் நாக்பாடா பகுதித் தொழிலாளர் குடும்பங்களிடையே அவர் பணி செய்துவந்தார். அந்த அனுபவத்தின் அடிப்படையில் 1936ஆம் ஆண்டு சமூகப்பணிக்கான முதல் கல்லூரி அந்நகரில் உருவானது. அவரே அதன் முதல் இயக்குநர். இன்று டாடா சமூக அறிவியல் நிறுவனம் என்று அழைக்கப்படுவது அதுதான். 1946ஆம் ஆண்டு பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் மருத்துவ சமூகப்பணியாளர் பதவி ஏற்பட்டது. நம் மாநிலத்தில் 1952ஆம் ஆண்டு திருமதி மேரி கிளப்வாலா ஜாதவ் அவர்களின் முயற்சியால் மதராஸ் சமூகப்பணிக் கல்லூரி தொடங்கியது.

2. செங்கல்பட்டில் பிடித்த ஒரு கை

செங்கல்பட்டுக்கு அருகிலுள்ள திருமணியில் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை இருந்தது. 1955ஆம் ஆண்டு மத்திய அரசு அதை ஏற்று, மத்திய தொழுநோய் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமாக்கியது. அதற்கு முன்பு அங்கே பணியாற்றியவர் டாக்டர் ராபர்ட் காக்ரேன்.

1947ஆம் ஆண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து டாக்டர் பால் பிராண்ட் அவரைப் பார்க்க வந்தார். கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர்; எலும்பு அறுவை மருத்துவர். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கையைப் பிடித்து, "அழுத்து" என்றார். பிடி வலிக்கும் அளவுக்கு இறுகியது. செத்துப்போனதாக எல்லாரும் எண்ணிய கையில் பலமுள்ள தசைகள் இருந்தன! அந்தத் தசைகளைக் கொண்டே விரல்களை நிமிர்த்தலாம் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. வேலூரில் செய்த அறுவைச் சிகிச்சைகளால் பலர் கைகளை மீண்டும் பெற்றார்கள்.

கதையின் இந்தப் பாதியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். மறுபாதி அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. கை நேரான ஒருவர் சில காலம் கழித்துத் திரும்பி வந்து, இந்தக் கைகளைப் பார்த்து யாரும் பிச்சை போடுவதில்லை என்று முறையிட்டார். தொழுநோயாளி என்பதால் வேலை கொடுப்பாரும் இல்லை. வீடு கொடுப்பாரும் இல்லை. கையைச் சரிசெய்தால் போதாது, மனிதன் பிழைக்க வழியும் வேண்டும் என்று டாக்டர் பிராண்ட் உணர்ந்தார். 1950களின் தொடக்கத்தில் வேலூரில் நவஜீவ நிலையம் உருவாகி, நோயாளிகள் அங்கே தொழில் கற்றுக்கொண்டார்கள்.

இன்று தொழுநோய்க்கு நல்ல மருந்து இருக்கிறது. 1981ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் குழு பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சையால் ஆறு மாதத்தில் அல்லது ஒரு வருடத்தில் நோய் குணமாகிறது. ஆனால் சட்டமும் சமுதாயமும் அதே வேகத்தில் குணமாகவில்லை. 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் 2016ஆம் ஆண்டில்தான் ரத்தானது. கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் இருப்பதைக் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்ற விதி, கிறிஸ்தவர்களுக்குரிய விவாகரத்துச் சட்டத்திலும் இருந்தது. 2019ஆம் ஆண்டில்தான் அது நீக்கப்பட்டது. மருந்து வந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து! நோய் போன பிறகும் மீதியிருக்கும் இந்த நோவைத்தான் சமூகப்பணி மாணவர் பார்க்கப் பழகுகிறார்.

3. வீட்டுக் கதவைத் தட்டிய ஆராய்ச்சி

காசநோய்க்காரரைச் சானடோரியத்தில் வைத்துத்தான் குணமாக்க முடியும் என்று ஒரு காலத்தில் உலகமே நம்பியது. 1956ஆம் ஆண்டு மதராஸில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம் அதைச் சோதித்துப் பார்த்தது. ஒரு பிரிவினர் சானடோரியத்தில் நல்ல உணவோடும் ஓய்வோடும் சிகிச்சை பெற்றனர். மற்றப் பிரிவினர் நெருக்கடியான சிறு வீடுகளில் இருந்துகொண்டே மருந்து சாப்பிட்டனர். 1959ஆம் ஆண்டு முடிவு வெளியானது: இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள். உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சை முறை இதனால் மாறிற்று.

ஆனால் வீட்டுச் சிகிச்சை தானாக வெற்றி பெறவில்லை. ஊழியர்கள் வீடு வீடாகப் போனார்கள். மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார்கள். வராமல் நின்றவரைத் தேடிப்போய், ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். மருந்தோடு ஒரு மனிதரும் வீட்டு வாசலுக்குப் போனதால்தான் அந்த முறை பலித்தது.

4. பயிற்சி எப்படி நடக்கிறது?

எம்.எஸ்.டபிள்யூ. இரண்டு வருடப் படிப்பு. முதலில் மாணவர்களை ஆசிரியர்கள் மருத்துவமனை, சிறுவர் இல்லம், முதியோர் இல்லம், கிராமத் தொண்டு நிறுவனம் என்று அழைத்துச் சென்று காட்டுவார்கள். பிறகு ஒவ்வொருவரும் ஒரு நிறுவனத்தில் சேர்க்கப்படுவார்கள். பெரும்பாலும் வாரத்தில் இரண்டு நாள் களம், மற்ற நாட்களில் வகுப்பு. இடையே ஒரு கிராம முகாம். படிப்பின் முடிவில் ஒரு மாத அளவு தொடர்ச்சியான பயிற்சி.

களத்தில் செய்ததைப் பயிற்சி அறிக்கையாக வாரந்தோறும் எழுத வேண்டும். யாரைச் சந்தித்தேன், அவர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன், எங்கே தடுமாறினேன் என்றெல்லாம் அதில் இருக்கும். கல்லூரி ஆசிரியர் அதைப் படித்துத் திருத்துவார். நிறுவனத்திலோ ஒரு மேற்பார்வையாளர் இருக்க வேண்டும். அவர் அனுபவமுள்ள சமூகப்பணியாளர். மாணவரை முதல் வீட்டுக்கு அழைத்துப் போகிறவரும், தவறினால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்கிறவரும் அவரே. இந்த மேற்பார்வையாளரை மறந்துவிடாதிருங்கள். பாடத்தின் கடைசியில் மறுபடியும் அவரிடம் வருவோம்.

5. கடற்கரை கற்பித்தது

கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் வரை போகிற சாலையில் ஒரு பக்கம் மீனவர் குப்பங்கள். மறுபக்கம் பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழிகளும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சுனாமி இந்தக் கரையையும் அடித்தது. அரிசி வந்தது, துணி வந்தது, படகு வந்தது. சமூகப்பணி மாணவர்கள் பலரும் கடற்கரை ஊர்களுக்குப் போனார்கள்.

அந்நாட்களில் இரண்டு பாடங்கள் கிடைத்தன. முதலாவது, ஒரே குடும்பத்திடம் ஒரு குழுவுக்குப் பின் மற்றொரு குழு போய், "உங்கள் வீட்டில் யார் இறந்தார்கள்?" என்று கேட்டது. கேட்டவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். சொன்னவர்கள் ஒவ்வொரு முறையும் புதிதாக அழுதார்கள். கேள்வி கேட்பதும் ஒரு பாரத்தை வைப்பதுதான்.

இரண்டாவது, பட்டியலில் இல்லாதவர்கள். மீனவர் ஊர்களில் வரியும் பங்கும் தலைக்கட்டுக் கணக்கில் நடக்கும். தலைக்கட்டு என்றால் பொதுவாக ஆண். இதனால் விதவைகளின் பங்கு சில இடங்களில் குறைந்துபோனது. கழியில் கையால் இறால் பிடித்துப் பிழைக்கும் இருளர் குடும்பங்களுக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை. ஆகையால், "இழந்த பொருள் என்ன?" என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இருக்கவில்லை. வரிசையில் நிற்பவரை எல்லாரும் பார்ப்பார்கள். வரிசைக்கே வராதவரைத் தேடுவதுதான் சமூகப்பணி.

இருளர் மக்களிடம் போகிற மாணவர் முதலில் கற்றுக்கொள்ளத்தான் போக வேண்டும். மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978ஆம் ஆண்டு தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், பாம்புக்கடி மருந்து தயாரிக்க விஷம் எடுத்துக் கொடுக்கிறது. அந்தச் சமுதாயத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. நம் மருத்துவமனைகளில் பாம்புக்கடிக்குப் போடும் ஊசிக்குப் பின்னால் இவர்களுடைய அறிவும் உழைப்பும் உண்டு.

அப்படியிருந்தும் எத்தனையோ இருளர் வீடுகளில் சாதிச் சான்றிதழ் இல்லை, பட்டா இல்லை. 2021ஆம் ஆண்டு தீபாவளியன்று, நவம்பர் 4ஆம் தேதி, மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரிக்கு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் நேரில் வந்து இருளர், நரிக்குறவர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சான்றிதழ்களும் வழங்கினார். கோயில் அன்னதானத்தில் உட்கார விடாமல் தடுக்கப்பட்ட ஒரு நரிக்குறவப் பெண் துணிந்து பேசியதே இதற்கு முன்கதை. ஊர் அறிந்த சுற்றுலாத் தலத்தின் அருகிலேயே ஒரு காகிதத்துக்காக இத்தனை காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காகிதம் மருத்துவத்துக்கும் தேவை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப அட்டை வேண்டும். காசநோயாளிக்கு மத்திய அரசு தரும் சத்துணவுத் தொகை, 2018ஆம் ஆண்டிலிருந்து மாதம் 500 ரூபாயாகவும் 2024 நவம்பரிலிருந்து 1000 ரூபாயாகவும் உள்ளது. அதைப் பெற வங்கிக் கணக்கு வேண்டும். கணக்குத் தொடங்க அடையாள ஆவணம் வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் உதவி வாசல் வரை வந்தும் உள்ளே வராது.

6. டிசம்பர் முதல் ஜூன் வரை

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறோம். இது ஒருவருடைய கதை அல்ல; களத்தில் அடிக்கடி காணும் நிலையைச் சேர்த்துச் சொல்வது.

கழியோரக் குடிசையில் வாழும் முப்பது வயது இருளர் பெண். டிசம்பரில் காசநோய் என்று தெரிந்து ஆறு மாத மருந்து தொடங்கினார். வாரத்தில் இரண்டு நாள் ஒரு மாணவி வீட்டுக்கு வருகிறார். சில வாரங்கள் பேச்சு வளரவில்லை. பிறகு ஒருநாள் அந்தப் பெண்ணே, "பொங்கல் கழிச்சு சூளைக்குப் போயிடுவோம் டீச்சர். வீட்டுக்காரர் முன்பணம் வாங்கிட்டாரு" என்கிறார்.

மாணவிக்குப் பதற்றம். "போகக் கூடாது அக்கா, மருந்து நின்றுவிடும்" என்று சொல்லிவிட்டு வருகிறார். மேற்பார்வையாளர் கேட்கிறார்: "போகாதேன்னு சொல்லிட்டே. அந்தப் பணத்தை யாரும்மா கட்டுறது? எந்த ஊர், எந்தச் சூளை, எத்தனை மாதம்னு கேட்டியா?"

மாணவி மறுபடியும் போகிறார். ஊர் தெரிகிறது. காசநோய்த் திட்டத்தின் நிக்ஷய் பதிவு மூலம் சூளைக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சிகிச்சையை மாற்ற முடிகிறது. பிள்ளைகளின் படிப்பைப் பற்றித் தலைமையாசிரியரிடம் பேச முடிகிறது. முன்பணத்தைக் காட்டி வெளியே போக விடாமல் தடுத்தால் அது 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி கொத்தடிமைத்தனம் என்பதையும் மாணவி கற்றுக்கொள்கிறார். அதைக் கோட்டாட்சியரிடம் கொண்டுபோகும் காரியம் மாணவியால் தனியாக ஆகாது, அனுபவமுள்ளவர் வேண்டும்.

இப்போது நாட்காட்டியைப் பாருங்கள். ஏப்ரலில் மாணவிக்குத் தேர்வு, பயிற்சி முடிந்தது. அந்தப் பெண்ணின் மருந்து முடிவதோ ஜூன் மாதம். நடுவே இரண்டு மாதம். இருமல் நின்று, "எனக்குத்தான் சரியாயிடுச்சே" என்று மாத்திரையைத் தூக்கிப் போடத் தோன்றுகிற காலமும் அதுவே. மருந்து பாதியில் நின்றால் நோய் திரும்பலாம்; மருந்துக்குக் கட்டுப்படாததாகவும் மாறலாம்; அதே குடிசையில் உறங்கும் பிள்ளைகளுக்கும் தொற்றலாம். அந்த இரண்டு மாதமும் அவரைக் கேட்பார் யார்?

7. மூன்று எச்சரிக்கைகள்

முதலாவது, மாணவரைச் சம்பளமில்லாத கிளார்க்காக வைத்துக்கொள்வது. வந்த நாள் முதல் பதிவேடு எழுதவைத்தால் அவர் கற்பது எழுத்து வேலையைத்தான்.

இரண்டாவது, வாக்குக் கொடுப்பது. இளமனசு, "நான் வாங்கித் தருகிறேன்" என்று சொல்லிவிடும். ஏழைகள் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். விடைபெறும் நாளை முதல் நாளிலேயே சொல்ல வேண்டும் என்று சமூகப்பணியில் கற்பிப்பது இதனால்தான்.

மூன்றாவது நம்மையே சேர்ந்தது. "போட்டோ வேண்டும், கண்ணீர்க் கதை வேண்டும்" என்று காணிக்கையாளர் எதிர்பார்த்தால், அதைச் சேகரிக்கும் வேலை மாணவர் தலையில் விழும். தொழுநோயிலிருந்து குணமான ஒரு தாயாரின் படம் பத்திரிகையில் வந்தால் அவருடைய மகளின் கல்யாணப் பேச்சு நின்றுபோகலாம். மனப்பூர்வமான சம்மதம் இல்லாமல் முகமும் பெயரும் கேட்பதில்லை என்று நாம் தீர்மானிக்க வேண்டும். படமில்லாத அறிக்கையையும் நம்பிக் கொடுக்கப் பழகுவோம்.

8. சத்திரக்காரன் யார்?

நல்ல சமாரியனின் உவமையை நாமெல்லாரும் சிறுவயது முதல் அறிவோம். காயம் கட்டியதைப் பேசுகிறோம். தன் மிருகத்தின் மேல் ஏற்றியதைப் பேசுகிறோம். ஆனால் சமாரியன் வழிப்பயணி. மறுநாள் அவன் போக வேண்டியிருந்தது. தான் போன பிறகு என்ன ஆகும் என்று எண்ணி, தங்கியிருக்கிற ஒருவனிடம் காயப்பட்டவனை ஒப்படைத்தான். அவன் செலவுக்கு இரண்டு பணமும் கொடுத்தான். அந்தப் பணம் சத்திரத்துக்குச் சுவர் எழுப்ப அல்ல, மனிதனைப் பார்த்துக்கொள்ள.

களப்பணிக்கு வரும் மாணவர் அந்தச் சமாரியனைப் போன்றவர். அன்பு உண்டு, துணிவு உண்டு. ஆனால் போக வேண்டியவர். நான்காம் பகுதியில் சொன்ன மேற்பார்வையாளரே சத்திரக்காரன். ஏப்ரலுக்குப் பிறகு சூளைக்கு போன் செய்கிறவர் அவர். ஜூலையில் வரும் புது மாணவரை அதே குடிசைக்கு அழைத்துப்போய், "இவங்க இந்த வருஷம் வர்ற தங்கச்சி" என்று அறிமுகம் செய்கிறவரும் அவர். அவர் இல்லாத இடத்தில் எத்தனை மாணவர் வந்தாலும் அவை தனித்தனி விஜயங்களே. அவர் இருந்தால் பல மாணவரின் இரண்டு இரண்டு நாட்கள் சேர்ந்து ஒரே ஊழியமாகும்.

நாம் வார்டு கட்டக் கொடுக்கிறோம். ஆம்புலன்ஸ் வாங்கக் கொடுக்கிறோம். எக்ஸ்ரே கருவிக்குக் கொடுக்கிறோம். அவற்றில் நம் பெயரைப் பொறிக்கவும் இடமுண்டு. ஒரு சமூகப்பணியாளரின் மாதச் சம்பளத்திலும், கழியோரம் போய்வரும் பஸ் கட்டணத்திலும் பெயர் பொறிக்க இடமில்லை. அதனால்தானோ என்னவோ அதற்கு யாரும் கொடுக்க முன்வருவதில்லை. செங்கல்பட்டில் டாக்டர் பிராண்ட் பிடித்த கை நமக்குச் சொல்வது இதுதான்: குணமாக்கிய கைக்குப் பிழைப்பும் வேண்டும், தொடங்கிய சிகிச்சைக்கு முடியும்வரை ஒரு துணையும் வேண்டும்.

பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் வாலிபர் கூடுகையிலும் பேச:

1. நம் சபை ஆதரிக்கும் மருத்துவமனையில் சமூகப்பணியாளர் இருக்கிறாரா? அவருடைய சம்பளம் எங்கிருந்து வருகிறது?

2. நம் ஊரில் வரிசைக்கே வராதவர்கள் யார்? அவர்களை யார் தேடிப் போகிறார்கள்?

3. தொழுநோயிலிருந்து குணமானவர் ஒருவர் நம் தெருவில் வாடகைக்கு வீடு கேட்டால் நாம் என்ன பதில் சொல்வோம்?

4. நாம் கடைசியாகக் கொடுத்த காணிக்கை கட்டடத்துக்குப் போயிற்றா, ஆளுக்குப் போயிற்றா?

இந்தக் கேள்விகளுக்கு நேர்மையாகப் பதில் சொல்லிப் பாருங்கள். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்திருக்கும் அந்தத் தம்பியை, தங்கையைக் கண்டால் ஒரு வார்த்தை அன்பாகப் பேசுங்கள். அப்படியே, அவருக்குப் பின்னால் நிற்கிறவர் யார் என்றும் விசாரியுங்கள்.